பன்னிரண்டு மணி நாலு நிமிடம்

மருத்துவமனைச் சீட்டில் பதின்மூன்று, புதன்,
இரவு பதினொன்று ஐம்பத்தெட்டு.
இல்லை என்கிறார் க்வாஜோ அம்பொன்சா.
அவர் குடையிலிருந்து இறங்கிய ஐப்பசி
என் மேஜைக்காலை நனைக்கிறது.

உழவர்கரை நகராட்சி, பிறப்பு இறப்புப் பிரிவு,
மூன்றாம் ஜன்னல்.
வயதைக் குறைக்க வருவார்கள், கூட்ட வருவார்கள்,
பிரெஞ்சுக் காலத்துப் பதிவேட்டில்
தன் வம்சத்துக்கு ஒரு பாஸ்போர்ட் தேடி வருவார்கள்,
இனிஷியலில் ஒரு புள்ளி விட்டுப்போனதற்கு
இரண்டு பஸ் மாறி வருவார்கள்.
ஆறு நிமிடத்துக்காக
யாரும் வந்ததில்லை.

புதன் என்றால் அவள் அக்குவா,
வியாழன் என்றால் யா.
கானாவில் எங்கள் ஆட்களுக்குக் கிழமைதான் முதல் பெயர்,
நாங்கள் வைப்பதல்ல, பிள்ளையே கொண்டு வருவது,
என்று சொல்லிவிட்டுத்
தன் நெஞ்சைத் தொட்டு
'திங்கள்' என்றார், தமிழில்.

'சூரியன் உதிக்கிறவரைக்கும் புதன்தானே சார்,
பஞ்சாங்கத்தப் பாருங்க' என்றார் பியூன் கலிவரதன்.
'பொன் கெடச்சாலும் புதன் கெடைக்காது.
வந்தத விடாதீங்க.'
பாதியைத்தான் மொழிபெயர்த்தேன்.
சிரித்தார். எழுந்திருக்கவில்லை.

தாய், அபெனா செர்வா,
காலாப்பட்டில் இறால் நோய்களை ஆராய்கிறவள்,
வலியில் சுவர்க் கடிகாரத்தையே பிடித்துக்கொண்டு கிடந்தாளாம்.
இரண்டு முள்ளும் ஒன்றாகிப் பிரிந்து
பெரியது நாலு கோடு தாண்டியபிறகுதான் அழுகை.
நர்ஸின் கைக்கடிகாரம்
ஆறு நிமிடம் பின்னால் வாழ்ந்துகொண்டிருந்தது.

திருத்தம் என் கையில் இல்லை என்றேன்.
சீட்டு எங்கே பிறந்ததோ அங்கேதான் மாற வேண்டும்.
கோரிமேடு போனார். கையெழுத்துப் போடுகிறவர் விடுப்பு.
மறுநாள் போனார். முத்திரை இருக்கிறது,
அலமாரிச் சாவி இல்லை.
அதற்கடுத்த நாள் புயல் எச்சரிக்கை.

இடையில் ஒருமுறை காட்டினார்,
தில்லியில் அவர்கள் தூதரகம் கேட்கும் படிவத்தை.
வெளிநாட்டில் பிறந்த குழந்தை என்று தலைப்பு.
ஊர் என்ற கோட்டின்மேல்
பெரிய எழுத்தில்: உழவர்கரை.
வாய்க்கால் அடைத்த என் தெரு, நான் பூ வாங்கும் முக்கு,
மதியமே திறந்துவிடும் சாராயக்கடை,
எல்லாம் வெளிநாடு.
ஜன்னல் வழியே அந்த வெளிநாட்டைக்
கொஞ்ச நேரம் பார்த்தேன்.
ஒரு மாடு போஸ்டர் தின்றுகொண்டிருந்தது.

மறுபடி வியாழன். குழந்தைக்கு எட்டாம் நாள்.
சீட்டு வந்துவிட்டது: பதினான்கு, பன்னிரண்டு மணி நாலு நிமிடம்.
விடிகாலையில் அவள் நாக்கில்
ஒரு துளி தண்ணீர் வைத்தார்களாம், ஒரு துளி மது.
தண்ணீரைத் தண்ணீர் என்றும்
மதுவை மது என்றும் சொல்லும் வாய் வேண்டுமாம்.
'இந்த ஊர்ல மதுவுக்கு அலைஞ்சிருக்க மாட்டாரே'
என்றார் கலிவரதன்.

பெயர்க் கட்டத்தில் 'யா' என்று அடித்தேன்.
எது, யார் எனக் கேள்விகள் புறப்படும் எழுத்து.
ஓரெழுத்துப் பெயரைக் கணினி ஏற்காது.
இரண்டாம் பெயரும் உண்டு, இன்று காலை வைத்தது,
சிகா, என்றார்.
'அப்படின்னா?'
'தங்கம்.'

கலிவரதன் டீயைக் கீழே வைத்தார்.
'புதன விட்டுட்டுப் பொன்னப் புடிச்சிட்டாரே மனுஷன்!'
இந்த முறை
முழுதாக மொழிபெயர்த்தேன்.

சான்றிதழை பிளாஸ்டிக் உறைக்குள் செருகியபடி
நான் பிறந்த கிழமையைக் கேட்டார்.
தேதி சொன்னேன், ஜூன் ஒன்று, எழுபத்தைந்து.
போனில் தேடினார். ஞாயிறு.
'அப்படியானால் நீங்கள் அக்கோசுவா.'

அந்தத் தேதி
அரியாங்குப்பம் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர்
பாதி வகுப்புக்குப் போட்டது என்று
சொல்லவில்லை.
அம்மாவுக்கு நினைவிருந்தது
மழையும், மண்ணெண்ணெய் தீர்ந்துபோனதும்தான்.

அக்கோசுவா.
அடுத்த டோக்கனைக் கூப்பிட
சற்றுப் பிந்திவிட்டது.