முப்பதுக்கு எத்தனை

மாங்குளம் ஆஸ்பத்திரி, செவ்வாய்க்கிழமை கிளினிக்.
படிவம் கேட்கிறது: நாம் எத்தனையாவது மாடியில் இருக்கிறோம்?
இந்தக் கட்டடத்துக்கு மாடியே இல்லை.
அந்த ஒரு புள்ளியை எல்லோருக்கும் கொடுத்துவிடுவேன்.

ஞாபகத்தில் வைக்க மூன்று சொல்.
'அப்பிள்' என்றிருந்ததை வெட்டிப் புளி ஆக்கினேன்.
அடுத்தது சாவி.
மூன்றாவதாகத் தறப்பாள் வாய்வரை வந்தது,
விழுங்கிக்கொண்டேன்.
அதை இந்தப் பக்கம் ஒருவரும் மறப்பதில்லை,
சோதனை பழுதாகிவிடும்.
கிடுகு என்றேன்.

பவளராணி, ஐம்பத்தாறு வயது,
ஒட்டுசுட்டான் நெல் ஆலையில் தராசுக்கணக்கு எழுதியவர்.
போன மாதம் அரிசிப் பானைக்குள் சவர்க்காரம் போட்டாராம்.
நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னேன்.
தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது,
சாக்கு எடை கழிக்கிற அதே வேகம்,
நிற்பாட்ட நான்தான் கை காட்டவேண்டியிருந்தது.

விலாசம்?
ஒன்பது விலாசம் சொன்னார், வரிசை பிசகாமல்.
இரண்டு மரத்தடி, ஒன்று வலய எண்.
படிவத்தில் ஒரு கோடுதான்.

மூன்று சொல்லையும் திருப்பிக் கேட்டபோது
புருசனைப் பார்த்தார்.
அவர் சுவரைப் பார்த்தார்.

எம்.ஆர்.ஐ. எடுக்கலாமென்றால் அதற்கும் ஒரு தாள்:
உடம்பில் உலோகம் ஏதும் உண்டா?
காப்பு, தோடு, மூக்குத்தி
ஒவ்வொன்றாகக் கழற்றி மேசையில் வைத்தார்.
தாலிக்கொடியில் கை போனபோது புருசன் மறித்து,
வலது காதுக்குப் பின்னால் மயிரை ஒதுக்கிக் காட்டினார்.
'இது கழராது டொக்டர்.'

சீ.டி. என்று மாற்றி எழுதினேன்.

பஸ்ஸுக்கு நேரமாச்சு. விறாந்தையால் இறங்கினவர்
திரும்பி வந்து ஜன்னலால் சொன்னார்:
'மூன்றாவது புளி.'

புளி முதலாவது.
கேட்ட நேரமும் முடிந்துபோயிற்று.
பென்சிலால் அரைப் புள்ளி போட்டேன்,
படிவத்தில் அரை என்று ஒன்று இல்லை.