முந்நூற்றுப் பதினாறு மில்லிமீட்டர்

ஓட்டுநர் உரிமத்தை வாங்கி
பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டாள் யெர்னேயா.
டோல்மினில் பேருந்து ஓட்டுகிறவள் நான்.
அந்த அட்டை கையில் இல்லாத இரண்டு மணி நேரம்
நானும் ஒரு பயணிதான்.

"பூட்ஸின் அடி எத்தனை?"
"முந்நூற்றுப் பதினாறு."
பனியில் மண்டியிட்டு
என் குதிகாலுக்கு அளவு வைத்தாள்.
கையுறையைப் பல்லில் கடித்திருந்ததால்
அடுத்த கேள்வி கம்பளியாக வந்தது.
எடை கேட்கிறாள் போலும்.
நான்கு கிலோ குறைத்துச் சொன்னேன்.

கார் நிறுத்தும் இடத்தில் ஐந்து கூடாரங்கள்,
கடைகளில் தெரிகிற பெயர் ஒன்றுகூட இல்லை.
இசோலாவில் படகு கட்டும் அண்ணன் தம்பி இருவர்,
மீன் செதில் வரைந்த ஸ்கீயோடு.
தொழிலை விட்டுவிட்ட ஒரு பல் மருத்துவர், ஸ்ரெச்கோ,
பசை எப்படிக் காய்கிறது என்பதைத் தவிர
வேறெதுவும் பேசமாட்டார்.
மற்ற இரண்டு மேசையிலும் நெரிசல்,
அங்கே சுடச்சுட ஒயின்.

யெர்னேயாவிடம் ஒயின் இல்லை.
மாமியாரின் மாட்டுக்கொட்டிலில் அழுத்திச் செய்ததாம்,
ஓரங்களில் ஆஷ் மரம், நடுவே பாப்லர்,
இது பதினோராவது ஜோடி.
முதல் பத்து?
"நான்கு பிளந்துவிட்டன. மூன்று வீட்டில்.
ஒன்றை யாரோ திருடிக்கொண்டு போனார்கள்,
அதுதான் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு.
மீதி இரண்டைக் கேட்காதே."

முதல் இறக்கத்தில் ஒன்றும் புரியவில்லை.
வெயில் எட்டாத சரிவு, இரவெல்லாம் உறைந்தது,
பழைய கியர் பெட்டி மாதிரி காலடியில் தடதடப்பு.
நல்ல ஸ்கீயா என்று அப்போது கேட்டிருந்தால்
பனி கெட்டி என்றுதான் சொல்லியிருப்பேன்.
எதைத்தான் சோதிக்கிறோம், மரத்தையா,
மலையையா, நேற்று
கடைசி வண்டி ஓட்டி முடித்த என் தொடைகளையா?

இரண்டாம் முறை
பீச் மரங்களை ஒட்டி இறங்கினேன்.
இளகிய பனி.
உள்ளங்காலுக்கு ஒரு சேதி வந்தது.
பன்னிரண்டு மீட்டர் வண்டியைக்
கொண்டை ஊசி வளைவில் ஒடிக்கும்போது
பின்சக்கரம் சொல்லுமே, அதே சேதி:
வந்துகொண்டிருக்கிறேன், அவசரப்படாதே.
அவசரப்படவில்லை.
இடது.
வலது.
நினைத்து முடிக்கவும் அது திரும்பவும் சரியாக இருந்தது.
சிரித்திருப்பேன் போல,
பல்லெல்லாம் குளிர்ந்தது.

அப்புறம் கல்.
விரற்கடைப் பனிக்குக் கீழே சுண்ணாம்புக்கல்.
சத்தம் நாக்கில் கேட்டது.
குறைத்துச் சொன்ன அந்த நான்கு கிலோவை நம்பி
பிடிப்பு என்னைச் சட்டென்று விட்டுவிட்டது.

எழுந்து, உதறி, புரட்டிப் பார்த்தேன்.
வலது ஸ்கீயின் அடியில்
கட்டைவிரல் நீளத்துக்குக் கிழிசல்,
உள்ளே மரம், வெண்ணெய் நிறத்தில்.
மன்னிப்பு கேட்க மூன்று விதமாக
ஒத்திகை பார்த்துக்கொண்டே இறங்கினேன்.
முதல் இரண்டிலும் கல்லின் மேல்தான் குற்றம்.

அவள் என் வாயையே பார்க்கவில்லை.
பலகையை மடியில் கவிழ்த்து
காயத்தின் ஓரத்தை நகத்தால் கிளறினாள்.
முகர்ந்தாள்.
"ஸ்ரெச்கோ! ஓடி வா! பிரியவில்லை, பார்,
ஓர் இழைகூடப் பிரியவில்லை!"
பல் மருத்துவர் பூதக்கண்ணாடியோடு வந்தார்.
படகுக்காரர்கள் வந்தார்கள்,
தம்பியின் கையில் அடுத்த மேசை ஒயின்.
என் தவற்றின் மேல் நான்கு தலைகள் கவிழ்ந்திருக்க
நான் ஒற்றைக் காலில் பூட்ஸைத் தளர்த்திக்கொண்டு நின்றேன்.

எந்த மரத்துக்குப் பக்கத்தில்?
என்ன வேகம்?
திரும்பும்போதா, நேராகவா?
பென்சில் தாளைத் தொட்டபடி காத்திருந்தது.
"உன் எடை?"
இந்த முறை உண்மையைச் சொன்னேன்.
எழுதினாள். நிமிரவில்லை.

டப்பாவின் பக்கம் கையை நீட்டினேன்.
மூடியின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டாள்.
"மத்தியானம் வண்டி உண்டா உனக்கு?"
இல்லை என்றேன்.
"அப்படியானால் இன்னொரு தடவை போ.
அதே கல்.
இந்த முறை இடது காலால்."