காலி எடை

ஊத்தான் மெலிந்தாங்கில்
ஆற்றுக்கு இறங்கும் சாலையில் ஆலை.
ஆலைவாசலில் நிறுவைப் பாலம்.
பாலத்தை ஒட்டித் தகரக் கூண்டு,
கூண்டுக்குள் நான்.
பதினோரு வருடமாய்
செம்பனைக் குலைகளின் எடை எழுதுகிறேன்.
அதனால்தான் கேட்கிறார்கள்,
லோரிச் சன்னலில் முழங்கையை ஊன்றி:
"கிராணி, நீயே சொல்லு.
சகாதேவனா, ஆரோக்கியமா?
யாரு கனம்?"

சகாதேவன் மேல் டிவிசன்.
டிராக்டர் ஓட்டுகிறவன்.
ஒருமுறை திரும்பிப் பார்ப்பான்,
பிறகு பார்க்கவே மாட்டான்.
திடலின் இந்த மூலையில் கிளம்பிய பந்து
அந்த மூலையில் ஓடுகிறவன் காலடியில்
நனைந்த கோணிபோலப் பொத்தென்று விழும்.
மழை பெய்து நடுத்திடல் குளமானாலும்
அவனுக்கென்ன,
அவன் பந்து தரையில் போனால்தானே.
அவன் ஒரு சத்தம் போட்டால்
ஐஸ்கிரீம்காரன் மணியடிப்பதை நிறுத்துவான்.

ஆரோக்கியநாதன் கீழ் டிவிசன்.
நாற்றுமேட்டில் கன்றுகளுக்குத் தண்ணீர் விடுகிறவன்.
நீளப் பந்து அவனிடம் கிடையாது.
இரண்டடி கொடுப்பான், வாங்குவான்,
மூன்றடி கொடுப்பான், மறுபடி வாங்குவான்,
கூட்ட பஸ்ஸில் மீதிச் சில்லறை தரும் கண்டக்டர்போல.
பார்க்கிறவனுக்குக் கொட்டாவி வரும்.
வாயை மூடுவதற்குள் கோல்.

இதற்காகக் கோப்பிக்கடையில் மேசை இரண்டானது.
அஞ்சப்பனும் அவன் மச்சானும்
தீபாவளிவரை பேசிக்கொள்ளவில்லை.

எனக்குத் தெரிந்தது ஒரே கணக்கு.
பழத்தோடு ஏறும்போது ஓர் எடை,
கொட்டிவிட்டு வரும்போது ஓர் எடை.
கழி. மீதிதான் பழம்.
ஆளையும் அப்படியே நிறுக்கலாமே:
அவன் ஆடும் அணியிலிருந்து
அவன் ஆடாத அணியைக் கழி.

மார்ச்சில் சகாதேவனுக்கு டெங்கி,
தெலுக் இந்தான் ஆஸ்பத்திரி.
மேல் டிவிசன் ஆறு கோல் வாங்கியது.
ஓடாமல் இல்லை, பாவம்,
அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓடினார்கள்.
வானத்திலிருந்து எதுவும் விழவில்லை.

ஏப்ரலில் தங்கச்சி கல்யாணமென்று
ஆரோக்கியம் சித்தியவான் போய்விட்டான்.
கீழ் டிவிசன்
ஒன்றுக்குச் சுழியம் என ஜெயித்தது.

அன்றிரவே பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதினேன்:
சகாதேவன், ஆறு.
ஆரோக்கியம், ஒன்றுமில்லை.
மேல் டிவிசன்காரர்கள் ஆரஞ்சு சோடா வாங்கித் தந்தார்கள்.
குடித்தேன்.

திங்கட்கிழமை
கொட்டிவிட்டு வந்த ஒரு லோரி
காலி எடையைவிட நாற்பது கிலோ கூடக் காட்டியது.
பாலத்தைச் சந்தேகப்பட்டேன்,
டிரைவரைச் சந்தேகப்பட்டேன்,
பிறகு பின்னால் ஏறிப் பார்த்தேன்.
மூலைமுடுக்கெல்லாம் உதிரிப் பழம்,
மிதிபட்டு, எண்ணெய் கசிந்து,
பலகையோடு பலகையாய்.

அங்கே நின்றபடிதான் நினைவு வந்தது.
இடப்பக்கம் ஆடும் முத்துவீரன்,
பந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டு
ஆற்றுப்பக்கம் உதைக்கிறவன்,
அந்த ஞாயிறு பந்தை நிறுத்தினான்.
இரண்டடி கொடுத்தான்.
திரும்ப வாங்க
ஒரு கையைக் கொஞ்சமாய் உயர்த்தினான்,
ஆரோக்கியம் உயர்த்துவானே, அதேபோல.

நான் காலி என்று எழுதியது
காலியாக இல்லை.

சரி, பின்னட்டையில் அடித்துத் திருத்தலாம் என்றிருந்தேன்.
அதற்குள் சகாதேவன் வந்துவிட்டான்,
கன்னம் ஒட்டி, காற்சட்டை தொளதொளத்து.
முதல் பந்து.
ஒருமுறை திரும்பிப் பார்த்தான், அடித்தான்.
காலில் பழைய வலு இல்லை போலும்,
திடலைத் தாண்டி, வேலியைத் தாண்டி
வாய்க்காலில் விழுந்தது.
போகிற வழியிலேயே தெரியும், எல்லாருக்கும் தெரியும்.
இருந்தும் மேல் டிவிசன் மொத்தமும்
அதன் பின்னால் ஓடியது,
கோல்காரன் உட்பட.

அந்த ஓட்டத்தை
எந்தப் பாலத்தில் ஏற்றுவது?

இன்றும் ஒருவன் முழங்கையை ஊன்றிக் கேட்டான்.
பின்னால் நாலு லோரி நிற்கிறது,
வண்டிய முன்னால எடு, என்றேன்.