நீல டேப்

வழக்கமாகக் கழற்றி மேலே கொண்டுவருவோம்.
பதினாறு கிலோ, மூன்று மாடி.
சமையலறை ஹீட்டரடியில்
பூனைக்கும் அதற்கும் ஒரே துண்டு.
அய்தால் சுரங்க வேலைக்குப் போனதிலிருந்து
அது என் பொறுப்பு.
நேற்று இரட்டை ஷிப்ட். வந்தேன், விழுந்தேன், தூங்கினேன்.
பேட்டரி கீழேயே கிடந்தது
மைனஸ் முப்பத்தாறில்.
யாகுட்ஸ்க்கில் அதைக் குளிர் என்று சொல்வதில்லை,
நவம்பர் என்போம்.

சாவியைத் திருப்பினேன். ஒரு டிக்.
மறுபடி திருப்பினேன். அந்த டிக்கும் இல்லை.
டாஷ்போர்டில் ஒரு விளக்கு
மினுங்கலாமா என்று யோசித்து
வேண்டாம் என்று முடிவெடுத்தது.

ஆறரை மணி. ஏழுக்குப் பிரசவ வார்டில்
என்னை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போக
ஒருத்தி கோட்டோடு காத்திருப்பாள்.
முற்றத்தில் புகைந்துகொண்டிருந்தது ஒரே ஒரு கார்.
புரோகோப்பியுடையது.
வேறு எதுவாவது புகைந்திருந்தால் அந்தக் கதவைத் தட்டியிருப்பேன்.

இரண்டு வருடமாகப் பேச்சில்லை.
படிக்கட்டில் எதிரே வந்தால்
அவர் தபால் பெட்டியைப் பார்ப்பார்,
நான் என் கையுறையை.

"எத்தனை வோல்ட்?"
வா என்றுகூடச் சொல்லவில்லை.
"தெரியாது."
"தெரியாமல் எப்படி" என்றார்,
மாட்டிக்கொண்டிருந்த பூட்ஸிடம்.

கேபிளைக் கோட்டுக்குள்ளிருந்து எடுத்தார்.
விறைத்தால் உறை வெடிக்கும் என்று
நெஞ்சோடு சுற்றி வைத்திருந்தார்.
சிவப்பு முதலில், என் பக்கம், பிறகு அவர் பக்கம்.
அப்புறம் கறுப்பு. கடைசிப் பிடி
பேட்டரியில் அல்ல, என்ஜினின் வெறும் இரும்பில்.
அந்தப் பிடியில் நீல டேப் சுற்றியிருந்தது.

நான்கு சுற்று. நான்காவது கோணல்.
அய்தால் டேப்பைப் பல்லால்தான் கிழிப்பான்.
கடித்த விளிம்பு அப்படியே இருந்தது.

இரவல் போய்,
"எப்போதோ தந்துவிட்டேன்" "தரவேயில்லை" என்று
இதே முற்றத்தில் கத்தி,
அவர் அம்மாவையும் எங்கள் காரையும் வம்புக்கு இழுத்து
இரண்டு குளிர்காலத்தை விழுங்கிய கேபிள்.

நான் பார்த்ததை அவர் பார்த்தார்.

"இருபது நிமிஷம் ஏறட்டும். உள்ளே உட்கார்."
உட்கார்ந்தேன். சூடு. மீன் வாடை.
கண்ணாடிக்கு வெளியே இரண்டு கார்களும்
பல் வைத்தியரிடம் வந்தவை மாதிரி
வாயைப் பிளந்து நின்றன.
ஏதோ சொல்லத் தொண்டையைச் செருமினார்.
செருமல் மட்டும் வந்தது.
"அய்தால் எப்போது வருகிறான்?"
"ஜனவரி."
"ம்."

திருப்பினேன்.
முனகி, இழுத்து, வேண்டாவெறுப்பாய்
என்ஜின் எழுந்து உட்கார்ந்தது.

மாட்டிய வரிசைக்கு எதிர்வரிசையில் கழற்றிச் சுருட்டினார்.
சுருட்டியதைக் கையில் வைத்துக்கொண்டு
தன் டிக்கிக்கும் என் டிக்கிக்கும் நடுவில்
கொஞ்ச நேரம் நின்றார்.
கேட்கலாம். என்னுடையதுதான்.
ஆனால் என்னிடமே இருந்திருந்தால்
அதன் மறுமுனையை இன்று
எதில் மாட்டியிருப்பேன்?
வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லவில்லை.
"நேரமாச்சு" என்றேன்.

இரவு, பேட்டரியைச் சுமந்து வந்தால்
வாசலில் அவரும் தன்னுடையதோடு.
பிறந்ததையெல்லாம் நாள் முழுக்கத் தூக்குகிறேன்,
ஒன்றுகூடப் பதினாறு கிலோ இருந்ததில்லை.
நாலு கையும் நிறைந்திருந்தன.
கதவை யார் திறப்பது?
நின்றோம்.
மூச்சு இருவருக்கும் ஒரே புகையாய்ப் போனது.

அவர்தான் முதலில்
தன்னுடையதைப் பனியில் இறக்கி வைத்தார்.