எண்பத்தெட்டாம் பக்கம்

பீல் என்றும் பியேன் என்றும்
இரண்டு பெயர் வைத்திருக்கிற ஊர்
நவம்பர் முழுக்க ஒரே புத்தகத்தை வாசிக்க வேண்டுமென்று
நகர நூலகம் கேட்டுக்கொண்டது.
கட்டளை இல்லை. கேட்டுக்கொண்டதுதான்.
இந்த நாட்டில் அது போதும்.

ஜெர்மனில் அறுநூறு பிரதி, பிரெஞ்சில் நானூறு,
எல்லாம் பச்சை அட்டை.
பேக்கரியில் ரொட்டித் தட்டுக்குப் பின்னால் ஒன்று,
பல் வைத்தியரிடம் இரண்டு.
ஆறாம் இலக்க பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர்
என் மடியைப் பார்த்து
"முடிவைச் சொல்லிப்போடாதேங்கோ" என்கிற மாதிரி
இரண்டு கையையும் தூக்கினார்.
டிக்கெட்டைக் கேட்க மறந்துபோனார்.

என்னுடையது நானூற்றுப் பதினேழு.
முத்திரை குத்தித் தந்த நூலகர் ஏஷ்லிமான்
"உங்கள் மொழியில் இல்லை, மன்னிக்க வேணும்" என்றார்.
பதினெட்டு வருடமாக ஆஸ்பத்திரிச் சமையலறையில்
ஜெர்மனில்தான் ஏச்சு வாங்குகிறேன்,
வாசிக்கவும் வரும் என்றேன்.

கதை பெரிதில்லை.
ஒரு பாலம். அதில் சுங்கம் வாங்குகிறவன்.
அக்கரைக்குப் போன மனைவி. பனி.

எங்கள் கட்டடத்தின் நிலவறையில் சலவை அறை.
சுவரில் பட்டியல்: வியாழன் எனக்கு,
வெள்ளி மூன்றாம் மாடி மதாம் ஜானரேக்கு.
ஒன்பது வருடத்தில் அவர் எனக்கு எழுதிய துண்டுகள்:
பஞ்சு வடிகட்டி!
உலர்த்தியின் கதவு!
ஞாயிற்றுக்கிழமை!!

அந்த வியாழன் என் பெயருக்கு எதிரே பென்சிலால்
"எண்பத்தெட்டு?"
என்று மட்டும் எழுதியிருந்தது.
எண்பத்தெட்டு நிமிடம் மெஷினை ஓட்டிவிட்டேனாக்கும்,
இனிக் கடிதம் வீட்டுக்காரனுக்குப் போகும் என்று
அன்றிரவு சரியாக நித்திரை இல்லை.
விடிய மூன்று மணிக்குப் புத்தகத்தை எடுத்தேன்.
எண்பத்தெட்டாம் பக்கத்தில்தான் மனைவி போகிறாள்.

அடுத்த வாரம் கூடையோடு கீழே இறங்க
அவர் தன் பச்சைப் புத்தகத்தோடு நின்றார்.
அவன் சோம்பேறி என்றார். அவள் போனாள், இவன் தங்கிவிட்டான்.
இல்லை, காத்திருந்தான் என்றேன்.
தங்கிவிட்டான்.
காத்திருந்தான்.
ஓடுகிற மெஷினின் தலையில்
இரண்டு புத்தகத்தையும் விரித்து வைத்தோம்.
அவருடைய பிரெஞ்சில் அவன் தங்கித்தான் விட்டான்.
என்னுடைய ஜெர்மனில் காத்துத்தான் இருந்தான்.
ஒரே ஊர், ஒரே புத்தகம்,
பிழிகிற சுற்று வந்தபோது
இரண்டு பாலமும் சேர்ந்து நடுங்கின.

உங்கள் மொழியில் எப்படி, என்று கேட்டார்.
பட்டியலின் ஓரத்தில் எழுதிக் காட்டினேன்.
காத்திருந்தான்.
உடைத்தால் காத்து, இருந்தான்.
காத்தல் என்றால் காவலும்தான்.
இருந்தான் என்றால் தங்கினான் என்றும் கொள்ளலாம்.
"மூன்றும் ஒரே சொல்லா?"
ஓம், ஒரே சொல்.
"அப்போது உங்கள் மொழியில்
அவன் என்னதான் செய்தான்?"

கேட்கும்போது அவர் புத்தகத்தைப் பார்க்கவில்லை.
இருபத்தாறு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன்.
மெஷின் நின்றுவிட்டது.
கதவு திறபட இரண்டு நிமிடம் எடுக்கும்,
இருவரும் அதன் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மாதக் கடைசியில் நூலகத்தில் கூட்டம்.
கதிரை காணாமல் படியிலும் சனம்.
பூசணிச் சூப்பில் உப்புக் குறைவு.
மதாம் ஜானரே எழும்பி பிரெஞ்சில் ஏதோ சொன்னார்.
எனக்கு விளங்கியது இரண்டு சொல்:
"மதாம் குகானேசான்",
பிறகு "காத்திருண்டா".
தலைகள் திரும்பின.
நான் சூப்புக் கிண்ணத்துக்குள் குனிந்துகொண்டேன்.

டிசம்பரில் புத்தகங்கள் திரும்பிப் போயின.
பல் வைத்தியரிடம் பழையபடி கார்ச் சஞ்சிகைகள்.
பஸ்ஸில் டிக்கெட்டைக் கேட்டார்கள்.
சலவை அறையில் புதுத் துண்டு:
பஞ்சு வடிகட்டி!
கீழே, பென்சிலால், சின்னதாக:
"அந்தப் பனியில் அவன் என்ன சாப்பிட்டிருப்பான்?"

வடிகட்டியைத் துப்புரவாக்கினேன்.
ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டான் என்று எழுதி,
வெட்டிவிட்டு,
அவள் வைத்துவிட்டுப் போனதை,
முதல் மூன்று நாள்,
என்று எழுதினேன்.