சாய்வெழுத்து

ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான்
எங்கள் சந்தில் தண்ணீர் லாரி வந்துபோய்
குடங்களின் சண்டை ஓயும்.
அதற்குப் பிறகு கணினியைத் திறப்பேன்.
திரையின் இடது பாதியில்
அறுபது வருஷத்துப் பழுப்புத் தாள்.
வலது பாதியில்
இயந்திரம் அதைப் படித்துச் சொன்னது.
படித்ததா உளறியதா என்று பார்ப்பது என் வேலை.
சம்பளம் கிடையாது.

துணைக்கால் என்றால் அதற்கு 'ர'தான்.
காடு கரடாகிவிடும்.
தாம் தரமாகிவிடும்.
இரண்டுமே சொல் என்பதால்
எந்தச் சிவப்புக் கோடும் விழாது.
தும்பிக்கை தூக்கிய பழைய ணையைக் கண்டால்
மிரண்டுபோய் ஓர் எட்டைப் போட்டுவைக்கும்.
இதிலெல்லாம் நான் விட்டதில்லை.
பெரம்பூரில் நின்றபடியே கைபேசியில் பிழை பிடித்து
இரண்டு 29சியை விட்டிருக்கிறேன்.

விட்டது வேறு.

முதல் புத்தகத்தை முடித்துக் கொடுத்த பத்தாம் நாள்
ஹபீபுல்லா கூப்பிட்டார்.
எழும்பூரில் ஓர் அலுவலகத்தில்
தொலைபேசி இணைப்பு கொடுப்பவர்.
"ஒரு சந்தேகம்மா.
அறுபத்து மூன்றாம் பக்கத்தில்
செத்துப்போன வேதவல்லி
புருஷன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது
திடீரென்று பேசுகிறாளே,
பேயா?"

பக்கத்தைப் பார்த்தேன்.
பேயில்லை, கடிதம்.
எப்போதோ அவள் எழுதிய எட்டு வரி,
இரண்டு பக்கமும் ஓரம் விட்டு
சாய்வெழுத்தில் அச்சாகியிருந்தது.
நிமிர்த்தி வைத்தவள் நான்.
பார்க்க முடியாதவருக்கு
எழுத்து சாய்ந்தால் என்ன, நிமிர்ந்தால் என்ன
என்று நினைத்தவளும் நான்தான்.
அதை அவரிடம் சொல்லவில்லை.
இங்கே சொல்கிறேன்.

"சாய்வு என்று குறித்திருந்தால்
என் கணினி குரலைக் கொஞ்சம் மாற்றும்.
பிரெய்லில் எடுத்தால்
முன்னால் ஒரு குறி வரும், விரல் நின்று போகும்."
குறை சொல்லும் தொனியில்லை.
தப்பாகக் கூப்பிட்டவருக்குச் சரியான எண்ணைச்
சொல்பவரின் தொனி.

"அப்புறம், ஒரு வாக்கியத்தில் மாசமாக இருக்கிறாள்.
அடுத்ததில் பையன் பள்ளிக்கூடம் போகிறான்.
நடுவில் ஏதாவது விட்டுப்போச்சா?"

ஒன்றுமில்லை.
நிஜமாகவே ஒன்றுமில்லை, ஒரு வெற்று வரி.
ஆறு வருஷம் அதற்குள் இருந்தது.
வீணாகக் கிடக்கிறதே என்று மூடிவிட்டேன்.
ஏரியை மூடி மனை போட்ட ஊர்க்காரிதானே.

இப்போது
தலைப்பைத் தலைப்பென்றே குறிக்கிறேன்,
வெறுமனே பெரிதாக்குவதில்லை.
'கதவைத் திறந்தாள்' என்பதற்கும்
'யாருமில்லை' என்பதற்கும் நடுவே
பக்க எண்ணும் புத்தகப் பெயரும் வந்து உட்கார்ந்தால்
எழுப்பி அனுப்புகிறேன்.
வரிக்கடைசியில் முறிந்த சொல்லை ஒட்டுகிறேன்.
பாட்டில் மூன்றாம் வரி உள்ளே தள்ளி நின்றால்
தள்ளியே நிற்கட்டும்.
ஆசிரியர் 'சுவற்றில்' என்று எழுதியிருந்தால்
சுவற்றில்தான்.
என் இலக்கணம் என் வீட்டில்.

நேற்று நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில்
ஒரு கட்டைவிரல்.
ஸ்கேன் எடுத்த யாரோ.
நகத்தில் மருதாணி பாதி வளர்ந்து இறங்கியிருக்கிறது.
அதற்கு அடியில் ஒரு சொல்:
அவன் அவளை என்னவென்று கூப்பிட்டான் என்பது.
கடைசி எழுத்தின் புள்ளி மட்டும்
நகத்துக்கு வெளியே தெரிகிறது.
எனக்கு நாலு சொல் தோன்றியது.
நாலும் பொருந்தியது, அதுதான் பயம்.
எதையும் போடவில்லை.
சதுர அடைப்புக்குள்
'விரல் மறைத்த சொல்' என்று எழுதிவைத்தேன்.

சனிக்கிழமை கன்னிமாராவில்
வேறு பிரதி இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.
இருந்தால் சேர்த்துவிடலாம்.
அதுவரைக்கும்
அந்த இடத்தில்
ஹபீபுல்லாவுக்குத் தெரியாத அதே சொல்தான்
எனக்கும் தெரியாது.