என்ன வேண்டும்

கிர்காவ், மூன்றாம் மாடி, இருபத்து மூன்றாம் எண் அறை.
வாடகை ரசீது இன்றைக்கும்
நாராயண் பெந்தார்கர் பெயரில்தான்.
அவர் செத்து ஐம்பது வருஷம்.
மகள் குமுத் அந்தப் பெயரிலேயே கட்டிவந்தாள்
மாதம் நூற்று எண்பத்தேழு ரூபாய்.
செத்தவர் குடியிருப்பதில்
யாருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை.

போன ஜூலையில் குமுத் போனாள்.
ஆகஸ்டில் நான் கட்டப்போனேன்.
ரசீதுப் புத்தகத்தை மூடிவிட்டார் குமாஸ்தா.
கட்டடம் இடிபடப் போகிறது.
அதே இடத்தில் நாற்பது மாடி,
குடியிருந்தவருக்கு அதில் ஒரு வீடு.
குடியிருந்தவர் யார்
என்பதுதான் வழக்கு.

நாசிக்கில் அண்ணன் மகன் இருக்கிறான், சமீர்.
எட்டாம் வகுப்பை இங்கிருந்து படித்தான்,
ரேஷன் கார்டில் இன்னும் எட்டாம் வகுப்பு படிக்கிறான்.
கெட்டவன் இல்லை.
காரியத்தன்று என் கையைப் பிடித்து அழுதான்.
அழுத ஈரம் காய்ந்த பிறகுதான்
கையெழுத்துப் போட்டான்.

கூண்டில் என்னை ஏற்றினார்கள்.
பெயர்: மிக்கேலம்மாள். ஊர்: மணப்பாடு.
வேலை: தாதரில் ஜாக்கெட் வெட்டுவது.
எத்தனை வருஷமாக அங்கே?
இருபத்தொன்பது.
வாடகை கொடுத்தீர்களா அவருக்கு?
இல்லை.
சம்பளம் கொடுத்தாரா உங்களுக்கு?
இல்லை.
வக்கீலுக்குச் சலிப்பு.
வேலைக்காரியுமில்லை, உள்வாடகையுமில்லை.

ஒரே குடும்பம் என்றால்
ஒரே சமையலாக இருக்க வேண்டுமே, என்றார்.
உங்களுக்கு ஒரே அடுப்பா?

பைபிளில் கை வைத்திருந்தேன்.
இரண்டு, என்றேன்.
எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, இரண்டு அடுப்பு,
என்று ஏறக்குறையப் பாடினார்.

எனக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது.
அவளுக்கு மீன் வாசனையே ஆகாது.
ஜன்னலோரம் என் அடுப்பை வைத்ததும்
காற்று கடல் பக்கம் போகும் நேரம் பார்த்து
'மிக்கே, இப்போ வறு' என்று
குரல் கொடுத்ததும் அவள்தான்.
ஒரு தீக்குச்சி கிழித்து
அவளதைப் பற்றவைத்து
விரல் சுடுமுன் என்னதையும் பற்றவைப்பாள்.
அந்தக் குச்சியை
எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?

கடைசியாக மறுபடி கேட்டார்,
நீங்கள் அவருக்கு யார்?
மராத்தியில் அது அவ்வளவுதான், யார்.
சினேகிதி என்றேன். தலையை ஆட்டி எழுதினார்.
அந்த வார்த்தைக்குச்
சட்டத்தில் சதுர அடி கிடையாது.

வாய்தா ஜனவரிக்குப் போனது.
சர்னி ரோடு ஸ்டேஷன் படியேறும்போது தோன்றியது,
அவர் தமிழராக இருந்திருந்தால்
வேறு மாதிரி கேட்டிருப்பார்:
'அந்தம்மா உங்களுக்கு என்ன வேண்டும்?'

என்ன வேண்டும்.
விடிகாலை நாலே முக்காலுக்குக் குழாய் இருமும்போது
அதற்கு முன்னால் அவள் இருமல்.
நான் வெட்டிய ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்து
அக்குளில் பிடிக்கிறது என்று அவள் சொல்லும் பொய்.
பிரிக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இன்று நாலே முக்காலுக்குத் தண்ணீர் வந்தது.
இரண்டு பானையும் நிரப்பிவிட்டேன்.
மணியார்டர் திரும்பி வந்திருக்கிறது, ஐந்தாவது,
'பெறுபவர் மறுப்பு' என்று முத்திரையோடு.
நாளைக்கு ஆறாவது அனுப்ப வேண்டும்.
அனுப்புபவர் பெயர் என்ற இடத்தில்
வழக்கம்போல நாராயண் பெந்தார்கர்.